பெட்டி எருமை பிறந்த கதை

மலேசியாவின் பாகான் செராய் பாசாரில் மீன் தட்டுகளைத் தாண்டிப் போனால் உறைந்த இறைச்சி விற்கும் கடை வரும். கொக்கியில் தொடை தொங்காது, ரத்த வாடை அடிக்காது. ஒரு பெரிய குளிர்ப்பெட்டி, ஒரு வாள் இயந்திரம், ஒரு தராசு, அவ்வளவுதான். கடைக்காரர் அட்டைப்பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டையை அறுத்து, பாலித்தீன் உறை போட்ட பாளத்தை எடுத்து வாளில் கொடுத்தால் செங்கல் அறுபடுவதுபோல் தூள் பறக்கும். இளஞ்சிவப்புத் தூள்.

காலியான பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதன் ஜாதகமே அச்சாகியிருக்கும். எலும்பு நீக்கி உறையவைத்த எருமை இறைச்சி. நிகர எடை 20 கிலோ. ஹலால் முத்திரை. அறுத்த தேதி, ஆலையின் பதிவு எண், எந்த வெட்டு என்பதற்கு ஒரு குறியீட்டு எண். உற்பத்தி செய்த நாடு, இந்தியா. மலாய்க்காரர்கள் இதை டாகிங் கோத்தாக், அதாவது பெட்டி இறைச்சி, என்பார்கள். பழகியவர்கள் பெட்டியில் இருக்கும் பம்பாய் நிறுவனத்தின் பெயரையே சொல்லி, "அல்லானா அடா?" (அல்லானா இருக்கிறதா?) என்று கேட்டு, நாற்பத்தொன்றா நாற்பத்துநான்கா என்று எண்ணையும் சேர்த்துச் சொல்வார்கள். இரண்டும் பின்தொடைக் கறி. ரெண்டாங்குக்கு ஒன்று, சூப்புக்கு ஒன்று என்று ஆளாளுக்கு ஒரு கட்சி.

நம் ஆட்களில் பெரும்பாலோர் அந்தக் கடைப் பக்கம் திரும்புவதில்லை. "மாட்டுக்கறிக் கடை" என்ற ஒரே சொல்லில் கதை முடிந்துவிடும். அது மாடு இல்லை எருமை, வேறெங்கிருந்தும் வரவில்லை இந்தியாவிலிருந்தே வருகிறது என்றால், கோயில் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று, "அங்கேயிருந்தா?" என்பார்கள். பசுவுக்காக ஆளை அடித்துக் கொல்கிற நாட்டிலிருந்து எப்படி என்பது நியாயமான கேள்விதான். அந்தப் பெட்டி பிறந்த கதையைச் சொன்னால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

இந்தக் கதை கறியில் தொடங்கவில்லை. பாலில் தொடங்கியது.

குஜராத்தின் ஆனந்த் நகரில் கெய்ரா மாவட்டக் கூட்டுறவுப் பால் சங்கம் 1946-ல் பிறந்தது. குளிர்காலத்தில் எருமைகள் அள்ளிக் கொடுத்தன, பால் தேங்கியது. கோடையில் தட்டுப்பாடு. தேங்கும் பாலைப் பவுடராக்கினால் பிழைக்கலாம், ஆனால் எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று அன்றைய ஐரோப்பிய நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். கொழுப்பு அதிகம், இயந்திரம் தாங்காது என்பது அவர்கள் கட்சி. அவர்கள் நாட்டில் பசுதான் உண்டு, எருமையில் அவர்களுக்கு அக்கறையும் இல்லை. ஹரிசந்த் மேகா தலாயா என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31 அன்று நேரு ஆனந்துக்கு வந்து ஆலையைத் திறந்துவைத்தார். அந்தச் சங்கத்தை வளர்த்த வர்கீஸ் குரியனின் பெயர் நமக்குத் தெரியும், அதன் அமுல் பெயரும் தெரியும். தலாயாவை யாரும் நினைப்பதில்லை. என் கணக்கில் இந்த அட்டைப்பெட்டிக்குத் தாத்தா அவர்தான், அவர் கனவிலும் நினைத்திராத பேரன் இது.

எருமைப் பால் காசாகும் என்று உறுதியானதும் எருமை பெருகியது. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது, 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவைத் தாண்டி இந்தியா உலகின் முதல் பால் நாடானது. அந்தப் பாலில் ஏறத்தாழப் பாதி எருமைப் பால். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 10 கோடியே 98 லட்சம் எருமைகள். உலக எருமைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே நாட்டில் நிற்கின்றன. (தமிழ்நாட்டின் பங்கு 5 லட்சம் சொச்சம்தான். பெட்டியில் வரும் எருமை பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரா பக்கத்தது, நம் ஊர்ச் சொந்தம் இல்லை.)

இத்தனை எருமை பால் கறந்தால் இரண்டு வகை மிச்சம் விழும். ஒன்று, பால் வற்றிய கிழ எருமை. இன்னொன்று, கடாக்கன்று. கடாக்கன்றின் கதை கொஞ்சம் கொடியது. பசுவின் காளைக்கன்றாவது உழவுக்கு, வண்டிக்கு, கோயிலுக்கு என்று ஏதாவது ஒரு வேலைக்கு ஆகும். டிராக்டர் வந்த பிறகு எருமைக் கடாவுக்கு எந்த வேலையும் இல்லை. அது குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் வீட்டுக்காரரின் காசு. தாய் பால் இறக்க மடியில் கொஞ்சம் முட்டவிட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள், மீதியைப் பால்செம்பு குடிக்கும். அரைப்பட்டினியில் செத்துப்போன கடாக்கன்றுகள் எத்தனையோ. அதைத் தடுத்து வளர்த்தெடுக்கவே மத்திய அரசு ஒரு தனித் திட்டம் போட்டது. சாகப் போகிற கன்றைக் காப்பாற்றிக் கறிக்கு அனுப்பு என்பதுதான் அதன் சாரம், அரசாணைகளில் அது இன்னும் நாசூக்கான மொழியில் இருக்கும்.

கிழ எருமையின் கணக்கு வேறு. கறவை நின்ற எருமைக்குத் தீனி போட்டால் வீடு மூழ்கும். வியாபாரி வருவார், மடியைப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். அந்தக் காசு அடுத்த கறவை எருமைக்கு முன்பணமாகும். பாலில் வரும் லாபம் மெலிசு, கிழ எருமை விற்ற காசுதான் தொழிலைச் சுழல வைக்கிறது. பால் குடிக்கிறவர் யாராக இருந்தாலும், சைவமோ அசைவமோ, இந்தச் சுழற்சியில் ஒரு கை வைத்தவர்தான்.

இதற்குச் சட்டம் வழிவிட்டதா? இங்கேதான் 1958 வருகிறது. பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசச் சட்டங்களை எதிர்த்துக் கசாப்புத் தொழில் செய்யும் குரேஷிகள் தொடுத்த வழக்கில், முகம்மது ஹனீஃப் குரேஷி வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் படிப்பார்களே, அதில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. பசுவை எந்த வயதிலும் அறுக்கத் தடை போடலாம், அது செல்லும். எருமைக்கு, பால் கொடுக்கும் வரைதான் காவல். கறவை நின்ற பிறகும் அறுக்காதே என்று முழுத்தடை போடுவது நியாயமில்லை. ஒரே தொழுவத்தில் நின்ற இரண்டு மாடுகளில் ஒன்று அந்தத் தீர்ப்போடு கோமாதாவாகவே நின்றுகொண்டது, மற்றது ஏற்றுமதிச் சரக்காகும் பாதையில் போனது. கறுப்பாகப் பிறந்ததும் எமனுக்கு வாகனமானதும் எருமையின் குற்றம்போல.

பெட்டிக்கு உருவம் கொடுத்தது வளைகுடா. 1970களில் எண்ணெய்க் காசு கொட்டியது. கட்டடம் கட்டக் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் போனார்கள், அவர்களுக்குச் சோறு போட மலிவான ஹலால் இறைச்சி தேவைப்பட்டது. 1865-லேயே பம்பாயில் வணிகம் தொடங்கிய அல்லானா குடும்பத்து நிறுவனம் உள்ளிட்ட சிலர் இந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார்கள். 1986-ல் மத்திய அரசு வேளாண் ஏற்றுமதி வளர்ச்சிக்கென்று அபெடா என்ற ஆணையத்தை அமைத்தது. பாஸ்மதி அரிசி, மாம்பழம், திராட்சை ஆகியவற்றின் வரிசையில் எருமையும் சேர்ந்தது. எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. ஹைதராபாத்துக்கு வெளியே ருத்ராரத்தில் அல்-கபீர் ஆலை வந்தபோது சமணர்களும் விலங்கு நல ஆர்வலர்களும் தெருவிலும் நீதிமன்றத்திலும் பத்தாண்டுக்கு மேல் போராடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆலை நிற்கவில்லை.

பெட்டிக்குள் ஏன் எலும்பு இல்லை? சமையல் வசதிக்காக என்றுதான் வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். காரணம் ஒரு வைரஸ். இந்தியக் கால்நடைகளில் கோமாரி நோய் ஓயாமல் உண்டு. கால் குளம்பிலும் வாயிலும் கொப்புளம் போடும் அந்த நோயைக் கண்டால் அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா எல்லாம் கதவைச் சாத்திக்கொள்ளும். கால்நடை விஞ்ஞானிகள் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். அறுத்த உடலைத் தோலுரித்து 2 முதல் 4 டிகிரிக் குளிரில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டால், தசையில் அமிலம் ஊறிப் பி.எச். அளவு 6-க்குக் கீழே இறங்கும். வைரஸ் அமிலத்தில் சாகும். ஆனால் எலும்பு மஜ்ஜைக்குள்ளும் நிணநீர்க் கணுக்களுக்குள்ளும் அமிலம் போகாது, அங்கே ஒளிந்துகொள்ளும். ஆகவே எலும்பை எடு, கணுவை எடு, மிஞ்சிய தசையைப் பெட்டியில் அடுக்கி, மைனஸ் 40 டிகிரியில் அடித்து உறையவை, பிறகு மைனஸ் 18-ல் வைத்துக் கப்பலேற்று. பதிவு பெற்ற ஆலையில் அறுத்த, எலும்பில்லாத எருமை இறைச்சி மட்டுமே போகலாம். பசு, காளை, கன்று எதுவும் போகக்கூடாது. இந்திய ஏற்றுமதிக் கொள்கை இவ்வளவு கறாராக எழுதிவைத்த பண்டம் அபூர்வம். பெட்டி ஏன் இப்படி இருக்கிறது என்றால், பாதி நோய் வகுத்தது, பாதி மதம் வகுத்தது. ருசிக்காக யாரும் எதையும் வகுக்கவில்லை.

ஆனாலும் ருசி விஷயத்தில் எருமைக்கு ஓர் அதிர்ஷ்டம். கொழுப்பு குறைவு, இருக்கும் கொழுப்பும் அதன் பாலைப் போலவே வெள்ளை. தசை கருஞ்சிவப்பு, நார் முரடு. வாணலியில் போட்டு வாட்டித் தின்ன லாயக்கில்லை. தேங்காய்ப் பாலில் மூன்று மணி நேரம் கிடந்து வேகும் ரெண்டாங்குக்கு அதுதான் சரி, கரையாமல் நிற்கும். அரைத்தால் தண்ணீரையும் மசாலாவையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் பர்கர் அப்பமும் சாசேஜும் செய்கிறவர்களுக்குப் பிடித்துப்போனது. மலிவோ மலிவு. கறிக்கென்றே வளர்த்த ஆஸ்திரேலிய மாட்டோடு, பாலிலேயே முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்ட எருமை போட்டி போட்டால் யார் ஜெயிப்பது?

மலேசியாவில் இதற்கு வாசல் திறந்தது ஒரு விதி. 1982 முதல் நாட்டுக்குள் வரும் இறைச்சி ஹலாலாக இருக்க வேண்டும், கால்நடைச் சேவைத் துறையும் இஸ்லாமிய விவகாரத் துறையும் ஒப்புக்கொண்ட ஆலையிலிருந்தே வர வேண்டும் என்று அரசு சொன்னது. இரண்டு துறைகளின் அதிகாரிகளும் சேர்ந்து இந்தியாவுக்குப் பறந்துபோய் ஆலை ஆலையாகப் பார்த்து முத்திரை குத்திவிட்டு வருவார்கள். மாட்டு அரசியலில் கொதிக்கும் உத்தரப் பிரதேசத்தில், அலிகரிலும் உன்னாவிலும், மலேசிய அதிகாரி கையில் குறிப்பேட்டோடு அறுப்புக் கூடத்தில் நிற்கும் காட்சியை யாராவது சிறுகதையாக எழுதலாம்.

இனி, பெட்டி வந்து இறங்கிய ஊர். அது மாடில்லாமல் காலியாக இருந்ததால்தான் பெட்டி நுழைய முடிந்தது. எப்படிக் காலியானது?

பாகான் செராய் இருக்கும் கிரியான் மாவட்டம் தட்டையான நெல்வெளி. 1880களில் ஃபே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் கொண்டுவந்து இங்கே நெல் விவசாயக் குடியேற்றம் ஒன்றை உண்டாக்கினார். பஞ்சார்க்காரர்கள் கலிமந்தானிலிருந்து வந்து சதுப்பைத் திருத்தினார்கள். தாஜாக் என்ற நீண்ட பிடிபோட்ட வெட்டுக்கத்தியால் புல்லைச் சாய்த்தே நடவு செய்யும் வித்தை அவர்களுடையது. நெல் மூட்டைச் சறுக்கை இழுக்கவும் சேறு மிதிக்கவும் எருமை இருந்தது. 1906-ல் புக்கிட் மேரா ஏரியைக் கட்டிக் கால்வாய் வெட்டினார்கள், இந்த நாட்டின் முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் அது. வெள்ளைக்காரனுக்கு நெல்மேல் திடீர்ப் பாசம் வந்துவிடவில்லை. சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் கொண்டுவந்த கூலிகளுக்குப் போட அரிசியைக் கப்பலில் இறக்கிக் கட்டுப்படியாகவில்லை.

நெல்வெளியின் ஓரத்தில் ஏற்றுமதிப் பயிர்கள். முதலில் கரும்பு. கூலா, களும்பாங் தோட்டங்கள் எல்லாம் சர்க்கரைத் தோட்டங்களாகப் பிறந்தவை, ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் பாட்டன்மார் வெட்டியது கரும்பு. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ரப்பர் விலை ஏறியது, கரும்பைப் பிடுங்கிவிட்டுப் பால்மரம் வைத்தார்கள். அறுபது ஆண்டு கழித்துப் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை. லண்டன் சந்தை எதைக் கேட்டதோ அதை வைத்தது கொம்பனி. புல் வளர்ப்பதற்கென்று ஓர் ஏக்கர்கூட யாரும் ஒதுக்கியதில்லை, புல்லைக் கப்பலேற்ற முடியாதே.

ஆனாலும் மாடு இருந்தது. லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை, இரண்டு கறவை, ஒரு கிடாரி. காலையில் வெட்டுக்குப் போய்ப் பாலெடுத்துவிட்டு வந்து மாட்டை அவிழ்த்துவிட்டால் நிரைக்கு நடுவில் அது தானே மேய்ந்துகொள்ளும். செட்டித்தெரு, தாமான் வீடுகள் என்று சைக்கிளில் பால் போகும். கொம்பனிக் கூலியில் சோறு, பால் காசில் நகை, கல்யாணம், பிள்ளையின் பரீட்சைப் பணம் என்று பல குடும்பங்கள் நிமிர்ந்தது அந்தக் கொட்டகையால்தான். இந்தியாவிலிருந்து நம்மவர்கள் கொண்டுவந்த மாட்டின் வழிவந்த அந்த இனத்துக்குக் கால்நடைத் துறைப் பதிவேட்டில் 'உள்ளூர் இந்தியக் கறவை' என்று தனிப்பெயரே உண்டு.

வற்றிய மாட்டை அப்போது என்ன செய்தோம்? ஹாஜிப் பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்பே மலாய்க் கம்பத்திலிருந்து ஆள் வருவார். காளைக்கன்றுக்கும் கிழப்பசுவுக்கும் விலை பேசுவார்கள். வீட்டில் பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். மாட்டின் நெற்றியில் விபூதியும் குங்குமமும் வைத்து, கயிற்றை மட்டும் கழற்றிக்கொண்டு, மாட்டை அனுப்புவது வழக்கம். லோரி எங்கே போகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள், அவரும் சொல்ல மாட்டார். அலிகர்ப் பக்கத்து யாதவ விவசாயியும் அப்படித்தான் விற்கிறார், அவர் வீட்டிலும் கேள்வி கேட்பதில்லை. பெட்டிக்குள் இருப்பது எங்கிருந்து வருகிறது என்று வியப்பவர்களுக்கு, நம் கொட்டகையிலேயே அதன் சிறு மாதிரி இருந்தது என்பதை நினைவுபடுத்தினால் கோபம் வருகிறது.

பிறகு இரண்டு பக்கமும் கதவு அடைபட்டது. நெல்வெளியில் இரண்டு போகமும் டிராக்டரும் வந்ததும் எருமைக்கு வேலை போயிற்று. அந்தச் சேற்றெருமை, பெட்டியில் வரும் ஆற்றெருமைக்குத் தூரத்துச் சொந்தம்தான். அதற்கு 48 குரோமோசோம், இதற்கு 50. உழைக்கத் தெரியும், பால் அதிகம் சுரக்காது. வேலையும் இல்லை, பாலும் இல்லை என்றானதும் கம்பத்தில் யார் வைத்துக்கொள்வார்கள்? தோட்டத்தில் வேறு கதை. செம்பனைக் கன்றைக் கடிக்கிறது, மண்ணை மிதித்து இறுக்குகிறது, வாய்க்காலைச் சரிக்கிறது என்று சொல்லி மாட்டுக்குத் தடை போட்டது நிர்வாகம். சில இடங்களில் கெடு வைத்துக் கொட்டகையை உடைத்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் தாமானுக்கும் பினாங்குத் தொழிற்சாலைகளுக்கும் போனபோது மாடு மிச்சமிருந்த இடத்திலும் மேய்க்க ஆள் இல்லை. இதே செம்பனைக்குக் கீழே மாடு மேய்த்தால் களைக்கொல்லிச் செலவு மிச்சமாகும் என்று பின்னால் அரசு ஆய்வாளர்கள் கண்டுபிடித்துக் கருத்தரங்கு வைத்தார்கள். நம் பாட்டிமார் காசு வாங்காமல் நிரூபித்துக் காட்டிய விஷயம்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெகிரி செம்பிலான் கிம்மாஸில் தேசியத் தீவனப்பட்டி மையம் வந்தது. 25 கோடி வெள்ளி சலுகைக் கடன். 2010-க்குள் 8,000 மாடு இருக்க வேண்டிய இடத்தில் 3,289 தான் இருந்தன என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை எழுதியது. கடன் பணத்தில் கோலாலம்பூரில் சொகுசு அடுக்குமாடி வீடு வாங்கப்பட்டதாகப் புகார் கிளம்பியபோது நாடே சிரித்தது. அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். நிறுவனத் தலைவர்மீது போட்ட வழக்கு 2015-ல் விடுதலையில் முடிந்தது. ஊழலா இல்லையா என்ற வாதத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும், எனக்கு அந்தத் திட்டத்தின் அடிப்படையிலேயே சந்தேகம். வாங்கிய தீவனம், கட்டிய கொட்டகை, இறக்குமதி செய்த கன்று என்று எல்லாச் செலவையும் கறி ஒன்றின்மேல் ஏற்றிவிட்டு, கறியே உபரியாக விழும் நாட்டோடு விலையில் மோத முடியுமா? 2021 முதல் 2025 வரைக்கான திட்டம், நாட்டுக்குத் தேவையான மாட்டிறைச்சியில் பாதியை இங்கேயே உற்பத்தி செய்வோம் என்றது. கால்வாசியைக்கூட எட்டவில்லை. பெருநாள் வந்தால் பெட்டி எருமைக்கு அரசே உச்சவிலை நிர்ணயிக்கிறது, அந்த அளவுக்கு அது இந்நாட்டு அடுப்பங்கரையில் ஊன்றிவிட்டது.

இதற்குள் பெட்டி வேறோர் உயரத்துக்குப் போயிருந்தது. சீனா கோமாரியைக் காரணம் காட்டி இந்திய இறைச்சியை நேராக வாங்காது. பெட்டிகள் வியட்நாமின் ஹைபோங் துறைமுகத்தில் இறங்கி, எல்லை வழியே வேறு கணக்கில் உள்ளே போயின. 2014-15-ல் இந்தியா ஏற்றுமதி செய்த எருமை இறைச்சி 14 லட்சத்து 76 ஆயிரம் டன், மதிப்பு 478 கோடி டாலர். பாஸ்மதியையே அந்த ஆண்டு முந்தியது. எருமையையும் மாட்டிறைச்சிக் கணக்கில் சேர்க்கும் அமெரிக்க வேளாண் துறைப் பட்டியலில் பிரேசிலும் இந்தியாவும் முதலிடத்துக்கு முட்டிக்கொண்டன. அதே 2014 தேர்தல் மேடைகளில்தான் மோடி, காங்கிரஸ் அரசு இறைச்சி ஏற்றுமதியை ஊக்குவித்து 'இளஞ்சிவப்புப் புரட்சி' செய்கிறது என்று சாடினார். ஆட்சிக்கு வந்தார். பெட்டி நிற்கவில்லை. 2017 மே மாதம், சந்தையில் அறுப்புக்கு மாடு விற்கக்கூடாது என்று எருமையையும் சேர்த்து மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அதற்கு முதலில் இடைக்காலத் தடை போட்டது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அடுத்த ஆண்டே, 2018 டிசம்பரில், அதே அரசு வேளாண் ஏற்றுமதிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. 2022-க்குள் வேளாண் ஏற்றுமதியை 6,000 கோடி டாலருக்கு, ஏறக்குறைய இரட்டிப்பாக, உயர்த்துவது இலக்கு. எருமையை விட்டுவிட்டு அந்தக் கணக்கைப் போட முடியாது, எருமையை முன்னால் நிறுத்திப் படமும் எடுக்க முடியாது.

பாகான் செராயும் அலிகரும் நேருக்கு நேர் முட்டியது 2019-ல். காஷ்மீர் பற்றி அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் ஐ.நா. சபையில் பேசினார், பிறகு இந்தியாவின் குடியுரிமைச் சட்டம் பற்றியும் பேசினார். இந்தியா கோபித்துக்கொண்டது. மலேசியச் செம்பனை எண்ணெயை அந்த ஆண்டு உலகிலேயே அதிகம் வாங்கியது இந்தியா. 2020 ஜனவரியில் சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கு அது கட்டுப்பாடு போட்டது. அதற்கு முன்பே, அக்டோபரில், அப்போதைய மூலத்தொழில் அமைச்சர் தெரேசா கோக் ஒரு சமாதானப் பேச்சு பேசினார். இந்தியாவிலிருந்து கச்சாச் சர்க்கரையும் எருமை இறைச்சியும் இன்னும் அதிகமாக வாங்குவது பற்றி யோசிக்கிறோம் என்றார். ஜனவரியில் இங்குள்ள பெரிய சர்க்கரை ஆலை 1 லட்சத்து 30 ஆயிரம் டன் இந்தியச் சர்க்கரைக்கு ஒப்பந்தம் போட்டது. கூலாத் தோட்டத்தை நினைத்துக்கொண்டேன். கரும்பைப் பிடுங்கி ரப்பர் வைத்து, ரப்பரைப் பிடுங்கிச் செம்பனை வைத்த மண். அந்தச் செம்பனையை விற்பதற்காக இப்போது சர்க்கரையையும், மாட்டைத் துரத்திய இடத்துக்கு எருமையையும் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.

2020 டிசம்பரில் இன்னொரு கூத்து. ஜொகூர் செனாயில் ஒரு கிடங்கைச் சோதித்தபோது, எங்கெங்கிருந்தோ வந்த இறைச்சிக்குப் போலி ஹலால் முத்திரை ஒட்டியிருந்தது அம்பலமானது. ஊரெல்லாம் கலவரப்பட்டது. பாகான் செராயில் நான் பார்த்த மாற்றம் சின்னதுதான். அதுவரை விலை மட்டும் கேட்டு வாங்கியவர்கள், பெட்டியைக் கொண்டா பார்க்கலாம் என்று கேட்டு ஆலை எண்ணைப் படிக்கத் தொடங்கினார்கள். ஒரு மாமாக் கடை முதலாளி காலி அட்டையைக் கிழிக்காமல் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் மாட்டிவைத்தார். "கேக்குறவங்களுக்குக் காட்டணும்ல, தம்பி," என்றார். நம் தமிழ் முஸ்லிம் கடைகளின் டால்ச்சாவிலும் குருமாவிலும் கிடப்பதில் பெரும்பகுதி இந்த எருமைதான். அந்தக் கடைக்காரர்களின் பாட்டன்மார் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியவர்கள், கறியும் அதே நாட்டிலிருந்து கொள்கலனில் வருகிறது. ஒரு கொள்கலனுக்கு 28 டன், அதாவது 1,400 பெட்டி.

2023-24-ல் இந்தியா அனுப்பியது ஏறத்தாழ 13 லட்சம் டன். வியட்நாம், மலேசியா, எகிப்து, ஈராக் என்று வாடிக்கையாளர் பட்டியல் நீள்கிறது. ஆனால் பெட்டியின் ஊற்றுக்கண்ணில் ஒரு சிறு மாற்றம் நடக்கிறது. பாலினம் பிரித்த விந்துக் குழலை இந்திய அரசு இப்போது மானிய விலையில் கிராமத்துக்குக் கொண்டுபோகிறது. ஊசி போட்டால் பிறப்பதில் பத்துக்கு ஒன்பது பெண்கன்று. பட்டினி போடக் கடாக்கன்றே இருக்காது என்பது பால்காரருக்கு நல்ல செய்தி, கடாக்கன்றுக்கும் ஒருவகையில் நல்ல செய்தி. கறி ஆலைக்காரர்கள் இனி வற்றிய எருமையை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். அப்போது பெட்டி விலை ஏறும். ஏறினால் பிரேசில் பெட்டி வரும், அந்த மாட்டுக்காக அமேசான் பக்கம் காட்டை வெட்டிப் புல் வளர்க்கிறார்கள். கிரியானில் மாடு மேயப் போவதில்லை, செம்பனைக்கு இன்னும் நல்ல விலை இருக்கிறது.